ஒரு சிற்றூர்ச் சதுக்கத்தில் நின்று பிரான்சின் வரலாற்றைப் படிப்பது எப்படி

பிரான்சுக்குப் புதிதாக வரும் நம் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அக்கா, இந்த நாட்டு வரலாறு படிக்கணும், எந்தப் புத்தகம் வாங்கலாம்?" சிலருக்குக் குடியுரிமை நேர்காணல் இருக்கும். சிலர் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லித்தர முடியாமல் தவிப்பார்கள். நானும் புத்தகத்தில்தான் தொடங்கினேன். லூயி என்ற பெயரில் ஆண்ட அரசர்கள் எல்லாரையும் வரிசையாக மனப்பாடம் செய்துகொண்டு நேர்காணலுக்குப் போனேன். எதிரே அமர்ந்திருந்த அம்மாள் அரசர்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "உங்கள் ஊர் போர் நினைவுத்தூணில் எத்தனை பெயர் இருக்கிறது?" என்றார். தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். எனக்குத் தெரியவில்லை. குடியுரிமை கிடைத்துவிட்டது. அந்தக் கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

நான் இருப்பது யோன் தெபார்த்மானில், ஆயிரம் பேர்கூட இல்லாத ஓர் ஊர். தெபார்த்மான் என்றால் நம் மாவட்டம் மாதிரி. காலையில் மேரியைச் சுத்தம் செய்கிறேன், பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு பள்ளிக்கூடத்தை. மேரி என்றால் ஊராட்சி அலுவலகம். மேயர் உட்காருவது, பிறப்பு இறப்பு பதிவது, கல்யாணம் நடப்பது எல்லாம் அங்கேதான். வேலை முடிந்து துடைப்பத்தைச் சாத்திவிட்டு ஒவ்வொரு கல்லாகப் பார்க்க ஆரம்பித்தேன். இந்த நாட்டின் சண்டைகள் எல்லாம் எங்கள் சதுக்கத்தில் முந்நூறு அடிக்குள் நின்றுகொண்டிருக்கின்றன. பிரான்சில் ஏறக்குறைய 35,000 கொம்யூன்கள், அதாவது ஊராட்சிகள், இருக்கின்றன. எதற்குப் போனாலும் இந்த நாலைந்து கட்டடங்களைப் பார்க்கலாம். அதனால் நான் சொல்லும் வழி உங்கள் ஊருக்கும் பொருந்தும்.

ஒரு நோட்டு, ஒரு பென்சில், சார்ஜ் உள்ள கைபேசி, ஒரு ஞாயிறு முற்பகல், இவ்வளவு போதும். எதன் முன்னால் நின்றாலும் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இது யாருக்கும் யாருக்கும் நடந்த சண்டையில் மிஞ்சியது? தோற்றவர் பெரும்பாலும் சதுக்கத்தின் எதிர்ப்பக்கத்தில் இருப்பார். இன்னொன்று, பழைய காலத்தில் தொடங்கி இன்றைக்கு வராதீர்கள். கிட்டத்தில் இருப்பதிலிருந்து பின்னால் போங்கள். கிட்டத்தில் இருப்பவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள்.

முதலில் நினைவுத்தூண்

தூணை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். அப்புறம் 1914–1918 என்ற தலைப்பின் கீழுள்ள பெயர்களை எண்ணி நோட்டில் எழுதுங்கள். எங்கள் ஊரில் 27. இந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் புரியாது. அன்று ஊரில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று தெரிய வேண்டும். போருக்கு முந்தைய கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1911இல் நடந்தது. உங்கள் தெபார்த்மானின் ஆவணக்காப்பகத் தளத்தில் ஊர்ப் பெயரைப் போட்டால் அந்தப் பட்டியலின் பக்கங்களைப் படமாகவே பார்க்கலாம், பெரும்பாலும் இலவசம். தெரு தெருவாக, வீடு வீடாக, குடும்பத் தலைவர், மனைவி, பிள்ளைகள், வேலையாள் என்று எழுதியிருப்பார்கள். எங்கள் ஊரில் அப்போது 640 பேர். நூற்றுக்கு நாலு பேர் போயிருக்கிறார்கள். குழந்தைகள், கிழவர்கள், பெண்கள் எல்லாரையும் சேர்த்த கணக்கு இது. இருபதிலிருந்து நாற்பது வயது ஆண்களை மட்டும் எண்ணிப் பாருங்கள், கை நின்றுவிடும். நாடு முழுக்க ஏறக்குறைய 4 கோடிப் பேரில் 14 லட்சம் பேர் இறந்தார்கள்.

இப்போது ஒரு பெயரைத் தேர்ந்தெடுங்கள். ஒரே குடும்பப் பெயர் இரண்டு முறை வந்தால் அதையே எடுங்கள். பாதுகாப்பு அமைச்சகத்தின் "மெமுவார் தே ஓம்" என்ற தளத்தில், அதாவது மனிதர்களின் நினைவு என்ற தளத்தில், முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கு ஆளுக்கு ஓர் அட்டை இருக்கிறது. பெயர், படைப்பிரிவு, பிறந்த ஊர், இறந்த நாள், இடம், இறந்த விதம் எல்லாம் அதில் இருக்கும். விதம் என்ற இடத்தில் "எதிரியால் கொல்லப்பட்டார்" என்றோ "காயத்தால்" என்றோ "பணியில் பிடித்த நோயால்" என்றோ கையால் எழுதியிருப்பார்கள். நான் எடுத்த இரண்டு சகோதரர்களில் மூத்தவர் இறந்த நாள் 22 ஆகஸ்ட் 1914. அந்த ஒரு நாளில் மட்டும் ஏறக்குறைய 27,000 பிரெஞ்சுச் சிப்பாய்கள் இறந்ததாகக் கணக்கு. போர் தொடங்கி மூன்று வாரம்கூட முழுதாக ஆகவில்லை. அறுவடை அரைகுறையாகக் கிடந்த நேரம். அந்த அட்டையைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தூணின் உருவத்தையும் கவனியுங்கள். கையைத் தூக்கி வெற்றி முழக்கமிடும் சிப்பாயா, தலைகுனிந்த பெண்ணா, வெறும் கல்தூணா? எதை வைப்பது என்று ஊர்மன்றம் கூடிப் பேசித்தான் முடிவு செய்தது. க்ரேஸ் பகுதியிலுள்ள ஜான்சியூ ஊர்த் தூணுக்கு முன்னால் ஓர் அநாதைச் சிறுவன் முஷ்டியை உயர்த்தி நிற்கிறான். கல்லில் "போர் நாசமாகட்டும்" என்று பொறித்திருக்கிறது. ஸ்ட்ராஸ்பூரில் ஒரு தாய், இறந்துபோன இரண்டு மகன்களை மடியில் ஏந்தியிருக்கிறாள். இருவர் உடம்பிலும் சீருடை இல்லை. அந்த நகரம் இருக்கும் அல்சாஸ் பகுதி 1871 முதல் 1918 வரை ஜெர்மனியின் கையில் இருந்தது. அந்த ஊர்ப் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஜெர்மன் சீருடையில் இறந்தவர்கள். அதனால் கல்லில் "எங்கள் இறந்தவர்களுக்கு" என்று மட்டும் எழுதினார்கள், எந்த நாட்டுக்காக என்று எழுதவில்லை. என்னைக் கேட்டால், பிரான்சின் எல்லைகளைப் பற்றி அந்த ஒரு சிலை சொல்வதை எந்த வரைபடமும் சொல்லாது.

1939–1945 பட்டியல் சிறியதாக இருக்கும். அதில் "சுட்டுக்கொல்லப்பட்டார்", "நாடுகடத்தப்பட்டார்" என்ற சொற்களைத் தேடுங்கள். பாரிசில் இருப்பவர்கள் பள்ளிக்கூட வாசல்களில் உள்ள கறுப்புப் பலகைகளையும் படிக்க வேண்டும். யூதர்களாகப் பிறந்த காரணத்துக்காக நாடுகடத்தப்பட்ட பிள்ளைகளின் நினைவாக வைத்தவை அவை. பிரான்சிலிருந்து அனுப்பப்பட்ட குழந்தைகள் 11,000க்கும் மேல் என்றும், அதில் விஷி அரசுக்கும் பங்கு உண்டு என்றும் பலகையே சொல்கிறது. 1940 தோல்விக்குப் பிறகு ஜெர்மனியோடு ஒத்துழைத்த பிரெஞ்சு அரசுதான் விஷி. 1942 ஜூலை 16, 17 தேதிகளில் பாரிசிலும் அதன் சுற்றுப்புறத்திலும் ஏறக்குறைய 13,000 யூதர்களைப் பிடித்தது பிரெஞ்சுப் போலீஸ். அதைப் பிரெஞ்சு அரசின் குற்றம் என்று ஒரு குடியரசுத் தலைவர் ஒப்புக்கொள்ள 1995 ஆனது. ஒப்புக்கொண்டவர் ஜாக் சிராக்.

தூணின் பக்கவாட்டில், பிற்பாடு சேர்த்த சின்னப் பலகையில், இந்தோசீனா, அல்ஜீரியா என்று இருக்கலாம். என் எதிர்வீட்டுப் பெரியவர் இருபது வயதில் அல்ஜீரியாவுக்கு அனுப்பப்பட்டவர். 1954 முதல் 1962 வரை அங்கே நடந்ததைச் சட்டம் "போர்" என்று சொன்னது 1999இல்தான். அதுவரை "நடவடிக்கைகள்" என்றே எழுதினார்கள். "முப்பத்தேழு வருஷம் நான் போருக்கே போகாத ஆள்" என்றார் அவர். அதற்கு மேல் அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பெரியவர்களிடம் கேட்கும்போது எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் சேர்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

அங்கிருந்து நகர்வதற்கு முன் ஒன்று. பட்டியலில் பெண் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் தூணில் ஒன்றும் இல்லை. வயலை உழுததும் வெடிகுண்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்ததும் பெண்கள். 1919இல் கீழவை பெண்களுக்கு வாக்குரிமை தர ஒப்புக்கொண்டது. 1922இல் செனட் அதைத் தள்ளிவிட்டது. ஊர் ஊராக இந்தத் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்த அதே ஆண்டுகள் அவை. உரிமை கிடைத்தது 1944 ஏப்ரல் 21 ஆணையில். முதன்முதலாக வாக்களித்தது 1945 ஏப்ரல் 29இல், ஊர்மன்றத் தேர்தலில். ஆண்கள் எல்லாருக்கும் 1848லேயே கிடைத்துவிட்டது. இடையில் கிட்டத்தட்ட நூறு வருடம்.

மேரிக்குள் போகும்போது

வாசலுக்கு மேலே "சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்" இருக்கும். புரட்சிக் காலத்துச் சொற்கள்தான், ஆனாலும் பொதுக் கட்டடங்களின் நெற்றியில் பரவலாக ஏறியது 1880 ஜூலை 14ஐ ஒட்டி. அந்த நாளைத் தேசிய விழாவாக்கியதும் அதே ஆண்டுதான். 1792இலிருந்து 1870க்குள் இரண்டு குடியரசு, இரண்டு பேரரசு, மூன்று அரசர்கள் வந்து போனார்கள். 1870 செப்டம்பர் 4 அன்று அறிவித்த மூன்றாம் குடியரசு, தான் நிலைப்போம் என்று நம்பிக்கை வந்த பிறகுதான் தன் பெயரைக் கல்லில் வெட்டியது. ஒரு சொல் எப்போது பிறந்தது என்று எல்லாரும் கேட்பார்கள். எப்போது கல்லில் ஏறியது என்று நீங்கள் கேளுங்கள். யார் ஜெயித்தார்கள் என்பது அதில் தெரியும்.

உள்ளே மரியானின் சிலை இருக்கும். குடியரசைப் பெண்ணாக உருவகித்தது. வாரம் ஒருமுறை அவள் முகத்தைத் துடைப்பது என் வேலை. அவள் தலையைப் பாருங்கள். முனை மடிந்த தொப்பி இருந்தால் அது ஃப்ரீஜியத் தொப்பி, விடுதலை பெற்ற அடிமையின் அடையாளம். மூன்றாம் குடியரசின் ஆரம்பத்தில் சிலருக்கு அந்தத் தொப்பி பயம் தந்தது, 1793இல் புரட்சி சிந்திய ரத்தம் நினைவுக்கு வந்தது. அதனால் கதிர்க்கிரீடம் சூட்டிய சாந்தமான மரியான்களையும் செய்தார்கள். எங்கள் மரியானுக்குத் தொப்பிதான், விளிம்பில் ஒரு சில்லு உடைந்திருக்கிறது. 1940இல் விஷி ஆட்சி வந்து "உழைப்பு, குடும்பம், தாய்நாடு" என்று வாசகத்தை மாற்றியபோது, பல ஊர்களில் மரியானை இறக்கிவிட்டு, அந்த ஆட்சியின் தலைவர் பெத்தேனின் படத்தை மாட்டினார்கள். எங்கள் மரியானை யாரோ உருளைக்கிழங்கு நிலவறையில் நாலு வருடம் ஒளித்து வைத்ததாக எதிர்வீட்டுப் பெரியவரின் அப்பா சொல்வாராம். சில்லு அப்போது போனதாம்.

முடிந்தால் ஒரு கல்யாணத்துக்குப் போங்கள். கதவு திறந்தே இருக்க வேண்டும் என்பது விதி, யாரும் போய்ப் பின்னால் நிற்கலாம். 1792 முதல் சட்டப்படி செல்லும் திருமணம் மேரியில் நடப்பது மட்டும்தான். பாதிரியார் அதற்கு முன்னால் தேவாலயத் திருமணத்தை நடத்தக் கூடாது. மேயர் குடிமைச் சட்டத்தின் சில பிரிவுகளை உரக்கப் படிப்பார். 213ஆம் பிரிவு வரும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். நெப்போலியன் காலத்தில், 1804இல், அது இப்படி இருந்தது: கணவன் மனைவிக்குப் பாதுகாப்புத் தர வேண்டும், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும். கீழ்ப்படிதல் 1938இல் போனது. கணவனே குடும்பத் தலைவன் என்பது 1970 வரை இருந்தது. இப்போது, குடும்பத்தை இருவரும் சேர்ந்து நடத்துகிறார்கள் என்று படிக்கிறார்கள். நடுவில் 1965இல்தான் மனைவி கணவனின் அனுமதி இல்லாமல் வங்கிக் கணக்கு திறக்கவும் வேலைக்குப் போகவும் முடிந்தது. பிரெஞ்சுச் சமூகத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயம் படிக்க நேரம் இருக்கிறது என்பவர்களுக்கு நான் இந்த ஒரு பிரிவைத்தான் சொல்வேன்.

மேயரைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். 1789இன் கடைசியில் கொம்யூன்கள் பிறந்தபோது மேயரை ஊரார் தேர்ந்தெடுத்தார்கள். 1800இல் நெப்போலியன் ஒவ்வொரு தெபார்த்மானுக்கும் ஒரு பிரெஃபேயை, அதாவது அரசின் பிரதிநிதியை, வைத்து, மேயர்களை மேலிருந்து நியமிக்கத் தொடங்கினார். ஊர்மன்றமே மேயரைத் தேர்ந்தெடுக்கும் இன்றைய முறை 1884 சட்டத்தில் உறுதியானது. பாரிசுக்கு மட்டும் விதிவிலக்கு. 1871இல் பாரிஸ் கொம்யூன் என்ற கிளர்ச்சி எழுந்து, மே மாதக் கடைசி வாரத்தில் ரத்தத்தில் முடிந்த பிறகு, அந்த நகரத்துக்கு மேயர் தர எந்த அரசுக்கும் தைரியம் வரவில்லை. 1977 வரை அப்படித்தான்.

பள்ளிக்கூடமும் தேவாலயமும் எதிரெதிரே

பல ஊர்களில் மேரி நடுவில் இருக்கும், இரண்டு பக்கமும் பள்ளிக்கூட வாசல்கள். ஒன்றின் மேல் "ஆண் பிள்ளைகள்", இன்னொன்றின் மேல் "பெண் பிள்ளைகள்" என்று கல்லெழுத்து. அப்படி இருந்தால் அது பெரும்பாலும் கல்வி அமைச்சர் ஜூல் ஃபெரி காலத்தை ஒட்டிய கட்டடம். 1881இல் தொடக்கக் கல்வியை இலவசமாக்கினார்கள். 1882இல் 6 வயது முதல் 13 வரை கட்டாயமாக்கி, பாடத்திலிருந்து மதத்தையும் எடுத்தார்கள். பழைய வாத்தியார்கள் பலர் மேரியின் எழுத்தராகவும் இருந்தார்கள். சதுக்கத்தில் ஒருபக்கம் வாத்தியார், எதிர்ப்பக்கம் பாதிரியார். அடுத்த கால் நூற்றாண்டு பல ஊர்களில் இந்த இருவரையும் சுற்றித்தான் அரசியல் நடந்தது.

அந்தச் சண்டையின் தழும்பு இன்னும் பள்ளி நேர அட்டவணையில் இருக்கிறது. 1882 சட்டம், பெற்றோர் விரும்பினால் பிள்ளைக்கு வெளியே மதக்கல்வி தருவதற்காக ஞாயிறு தவிர வாரத்தில் இன்னொரு நாளை விட்டுக்கொடுத்தது. நெடுங்காலம் அது வியாழக்கிழமை. 1972இல் புதன் ஆனது. பிரெஞ்சுப் பள்ளிகளில் புதன்கிழமை ஏன் விசித்திரமாக இருக்கிறது என்று கேட்கும் அம்மாக்களுக்கு நான் இந்தக் கதையைச் சொல்வேன். இந்தப் பள்ளிக்கூடம் பறித்துக்கொண்டதும் ஒன்று உண்டு. 1794இல் அபே கிரெகுவார் என்ற பாதிரியார் தந்த அறிக்கைப்படி, பிரெஞ்சைச் சுத்தமாகப் பேசத் தெரிந்தவர்கள் நாட்டில் 30 லட்சத்துக்கு மேல் இல்லை. மற்றவர்கள் பிரெத்தோன், ஒக்சித்தான், பாஸ்க், அல்சாசியன் என்று பேசினார்கள். பிரெத்தோன் பேசிய குழந்தையின் கழுத்தில் ஒரு கட்டையைத் தொங்கவிட்டு அவமானப்படுத்திய வகுப்பறைகள் இருந்தன. தாய்மொழியை வீட்டில் காப்பாற்றப் பாடுபடும் நமக்கு அது சுருக்கென்று தைக்கும். பள்ளிக்கூடம் தந்ததையும் எடுத்துக்கொண்டதையும் ஒரே பக்கத்தில் எழுதி வையுங்கள்.

தேவாலயத்துக்கு வாருங்கள். 1905 டிசம்பர் 9 சட்டம் அரசையும் மதத்தையும் பிரித்தது. அதனால் அதற்கு முன்பு கட்டிய ஊர்த் தேவாலயங்கள் அநேகமாக எல்லாமே இன்று கொம்யூனின் சொத்து. பேராலயங்கள் அரசுடையவை. கூரை ஒழுகினால் செலவு மேரியின் தலையில். சட்டம் வந்த புதிதில், 1906இல், தேவாலயப் பொருள்களைக் கணக்கெடுக்கப் போன அதிகாரிகளை விசுவாசிகள் கதவைச் சாத்தித் தடுத்தார்கள், சில இடங்களில் கதவை உடைக்க வேண்டியிருந்தது. அல்சாசிலும் மொசெலிலும் மட்டும் இந்தச் சட்டம் இல்லை. 1905இல் அவை ஜெர்மனியில் இருந்தன. அங்கே பாதிரியாருக்கு இன்றும் அரசுதான் சம்பளம் கொடுக்கிறது. தூணில் பார்த்த அதே எல்லைக்கதை இங்கேயும் வருகிறது, கவனித்தீர்களா?

வாசலின் சுவரில் தலையில்லாத சிலைகளோ காலி மாடங்களோ இருந்தால் உடனே "புரட்சி செய்த வேலை" என்று எழுதிவிடாதீர்கள். அதற்கு இருநூறு வருடம் முன்பே ஒரு கை உடைத்திருக்கலாம். எங்கள் பக்கத்தில் ஒசேர் நகரத்தை 1567இல் புரொட்டஸ்டண்ட் படை பிடித்துக்கொண்டது, தேவாலயங்கள் சேதமாயின. 1562இல் தொடங்கிய மதப்போர்கள், 1572 ஆகஸ்டில் பாரிசில் நடந்த புனித பார்த்தலோமியு படுகொலை, 1598இல் நான்காம் ஹென்றி புரொட்டஸ்டண்டுகளுக்கு வழிபாட்டு உரிமை தந்த நாந்த் ஆணை, 1685இல் பதினான்காம் லூயி அதை ரத்து செய்தது, இந்தத் தேதிகளை ஒரே மூச்சில் எழுதிக்கொள்ளுங்கள். செவென் மலைப்பக்கம் போனால் வீட்டுத் தோட்டத்துக்குள்ளேயே சின்னச் சின்னக் கல்லறைகளைக் காணலாம். கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடைக்காத புரொட்டஸ்டண்ட் குடும்பங்கள் தங்கள் மண்ணிலேயே புதைத்த வழக்கம் அது.

தெருப் பெயர்களை நடந்துகொண்டே படித்துவிடலாம். செப்டம்பர் 4, நவம்பர் 11, மே 8 என்று தேதிகள் இருக்கும். ஜான் ஜோரேஸ் இருப்பார், 1914 ஜூலை 31 அன்று பாரிஸ் கஃபே ஒன்றில் சுடப்பட்டவர், போரைத் தடுக்கக் கடைசிவரை பேசியவர். 1962 மார்ச் 19 என்ற பெயரைப் பார்த்தால் நின்றுவிடுங்கள். அல்ஜீரியாவில் போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்த நாள். சில ஊர்கள் அதை வைத்தன, சில ஊர்கள் வைக்க மறுத்தன. பெசியே நகரம் 2015இல் வைத்த பெயரையே எடுத்துவிட்டது.

பதிவேட்டில் பின்னால் போவது

இனி வீட்டுக்கு வந்து கணினி முன்னால் உட்காரலாம். ஆவணக்காப்பகத் தளத்தில் உங்கள் ஊரின் பிறப்பு இறப்புப் பதிவேட்டைத் திறந்து 1792இன் கடைசிக்குப் போங்கள். அதுவரை எழுதியவர் பாதிரியார். 1539இல் முதலாம் பிரான்சுவா வில்லேர்-கொத்தரே ஆணையில் ஞானஸ்நானத்தைப் பதிய வேண்டும் என்றார், நீதிமன்ற ஆவணங்கள் பிரெஞ்சில்தான் இருக்க வேண்டும் என்றதும் அதே ஆணைதான். 1792 செப்டம்பர் 20 அன்று அந்தப் பொறுப்பு ஊராட்சியிடம் வந்தது. எங்கள் ஊர்ப் பதிவேட்டில் ஒரே பக்கத்தில் பாதிரியாரின் சாய்வான எழுத்து நின்று, கீழே மேயர் கோணல்மாணலாக "மூடப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்து போட்டிருக்கிறார். புரட்சியை நான் கண்ணால் பார்த்தது அந்த இடத்தில்தான்.

அதற்கு அடுத்த வருடம் தேதிகள் குழப்பும். 1793 இலையுதிர்காலத்திலிருந்து 1805 கடைசி வரை புரட்சி நாட்காட்டி. முதல் ஆண்டு 1792 செப்டம்பர் 22இல் தொடங்கியதாகக் கணக்கு. மாதங்களின் பெயர்கள் பனி, மழை, முளை, பூ, அறுவடை என்று இயற்கையிலிருந்து வந்தவை. மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன, கையால் போட்டுத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கையெழுத்துகளையும் பாருங்கள். "கையெழுத்திடத் தெரியாது என்றார்" என்ற வரி எத்தனை கல்யாணத்தில் வருகிறது என்று எண்ணுங்கள். 1686–1690இல் தங்கள் கல்யாணப் பதிவில் கையெழுத்திட்டவர்கள் நூற்றுக்கு 29 ஆண்கள், 14 பெண்கள். நூறு வருடம் கழித்து 47, 27.

அங்கிருந்து 1789 வசந்தத்துக்கு வாருங்கள். 1614க்குப் பிறகு முதல்முறையாக அரசர், பாதிரிகள், பிரபுக்கள், மற்ற மக்கள் என்ற மூன்று நிலையினரின் சபையைக் கூட்டினார். ஊர்தோறும் வரிகட்டும் ஆண்கள் கூடித் தங்கள் குறைகளை எழுதிக் கொடுத்தார்கள். "காயே தெ தொலேயான்ஸ்", குறைகளின் ஏடு. அப்படி ஏறக்குறைய 60,000 ஏடுகள். உங்கள் பகுதி ஏடு கிடைத்தால் முழுதும் படியுங்கள். தத்துவம் அதிகம் இருக்காது. உப்பு வரி இருக்கும். பிரபுவின் புறாக்கள் விதைப்பைத் தின்பது இருக்கும், நம் வயலில் அவர் வேட்டையாடுவது இருக்கும், பாதிரிக்குக் கொடுக்கும் தசமபாகம் இருக்கும். உப்பு வரி எல்லா இடத்திலும் ஒன்றல்ல. பர்கண்டியில் குடும்பங்கள் அதிக விலைக்குக் கட்டாயமாக உப்பு வாங்க வேண்டும், பிரிட்டனியில் அந்த வரியே இல்லை. சிறப்புரிமைகளும் தசமபாகமும் ஆகஸ்ட் 4 இரவு ஒரே கூட்டத்தில் சரிந்தது எதனால் என்று இந்த ஏடுகளைப் படித்தவர்களுக்குப் புரியும்.

அதே பெயரில் ஏடுகள் எங்கள் மேரி மேசையிலும் திறந்திருந்தன, 2018–2019 குளிர்காலத்தில். எரிபொருள் வரி உயர்வை எதிர்த்து நவம்பர் 17 அன்று மஞ்சள் மேலாடை போட்டவர்கள் ரவுண்டானாக்களில் நின்றார்கள். கொஞ்ச நாளில் ஊர் மேரிகள் குறை எழுத ஏடு வைத்தன. மேசையைத் துடைக்கும்போது நான் அதை நகர்த்தி வைப்பேன், சில வரிகள் கண்ணில் படும். ஓய்வூதியம் போதவில்லை, டாக்டர் இல்லை, வேலைக்குப் போகக் கார் இல்லாமல் முடியாது. பெயர் ஒன்றாக இருப்பது தற்செயல் இல்லை. எழுதியவர்களுக்கு 1789 தெரியும். அந்த ஏடுகளும் இப்போது தெபார்த்மான் ஆவணக்காப்பகங்களில் இருக்கின்றன.

அரசர்களை எப்போது படிப்பது என்று கேட்பீர்கள். இதற்குள் நாலு பேர் தாமாகவே வந்துவிட்டார்கள்: 1539க்கு முதலாம் பிரான்சுவா, 1598க்கு நான்காம் ஹென்றி, 1685க்குப் பதினான்காம் லூயி, 1789க்குப் பதினாறாம் லூயி. தொடக்கத்துக்கு அது போதும். ஒவ்வொருவரும் உங்கள் ஊரில் ஒரு தடயம் விட்டிருக்கிறார்கள், இனி மறக்காது.

கடைசியாக வாக்கு எண்ணிக்கைக்குப் போங்கள்

தேர்தல் ஞாயிறு அன்று மாலை, எங்கள் ஊர் மாதிரி இடங்களில் வாக்குச்சாவடியை ஆறு அல்லது ஏழு மணிக்குச் சாத்துவார்கள், பெரிய நகரங்களில் எட்டு மணி. எண்ணிக்கை அங்கேயே, எல்லார் கண் முன்னாலும் நடக்கும். குடியுரிமை இல்லாதவர்களும் நின்று பார்க்கலாம். பெட்டி கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும். உறைகளை நூறு நூறாகக் கட்டுவார்கள். ஒவ்வொரு மேசையிலும் நாலு பேராவது இருப்பார்கள்: ஒருவர் உறையைப் பிரித்துத் தாளைக் கொடுக்க, அடுத்தவர் பெயரை உரக்கப் படிக்க, மற்ற இருவர் கோடு போட்டு எண்ணுவார்கள். இவர்கள் அதிகாரிகள் இல்லை, வாக்காளர்கள். வெற்றுத்தாளுக்கும் தனிக் கணக்கு உண்டு, 2014 சட்டத்துக்குப் பிறகு அதைச் செல்லாத வாக்கோடு கலப்பதில்லை. இன்றைய ஐந்தாம் குடியரசில் குடியரசுத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பது 1962 வாக்கெடுப்பில் முடிவாகி 1965இல் முதலில் நடந்தது என்பதைப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்திருப்பீர்கள். அந்த அறையில் நிற்கும்போது அந்த வரியின் எடை தெரியும்.

குடியுரிமை வந்த பிறகு நடந்த முதல் தேர்தலில், ஆள் குறைகிறது, மேசைக்கு வருகிறீர்களா என்று மேயர் என்னைக் கேட்டார். பெயரைப் படிக்கும் வேலை கொடுத்தார்கள். என் உச்சரிப்பு எனக்கே தெரியும், குரல் முதலில் எழும்பவில்லை. எதிரே கோடு போட உட்கார்ந்திருந்தவர் எதிர்வீட்டுப் பெரியவர். "மெதுவாகப் படிங்க மதாம், எங்களுக்கு அவசரமில்லை" என்றார். நூறு உறை முடிய அரை மணி நேரம் ஆனது. முடிவை மேயர் உரக்கப் படித்துத் தாளை ஒட்டினார். மறுநாள் காலை நான் கதவைத் துடைக்க வந்தபோது அந்தத் தாள் இன்னும் அங்கேயே இருந்தது, அதைச் சுற்றித் துடைத்தேன்.